சேர்த்துக்கொள்ளப்படாதவர்கள்

ஒரு மருந்துச் சோதனையின் விவரக்குறிப்பு கையில் கிடைத்தால் நான் அதைப் பின்னாலிருந்துதான் படிக்கிறேன். மருந்தின் பெயர் என்ன, உடம்புக்குள் போய் என்ன செய்யும், எத்தனை பேரைச் சேர்க்கப்போகிறார்கள், இதெல்லாம் அப்புறம். "பங்கேற்கத் தகுதியற்றவர்கள்" என்று கடைசிப் பக்கங்களில் ஒரு பட்டியல் இருக்கும். நேராக அங்கே போய்விடுவேன். இந்தப் பழக்கம் அக்காவின் கண்ணால் வந்தது.

இடது கண்ணின் ஓரத்தில் மின்னல் வெட்டுவதுபோல் ஏதோ தெரிகிறது என்று அக்கா சில வாரங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணாடியின் பவர் மாறியிருக்கும் என்று நான்தான் பெரிய நிபுணர் மாதிரிச் சொன்னேன். பரிசோதனைக்குப் போனபோது, சொட்டு மருந்து விட்டு, பாப்பா விரிந்த பிறகு, மருத்துவர் அந்தக் கண்ணை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தார். வலது கண்ணை ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டு மறுபடி இடதுக்கு வந்தார். அப்புறம் அறையின் விளக்கைப் போட்டுவிட்டு, நாற்காலியை அருகில் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் நாற்காலியை இழுத்த விதத்திலேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. கண்ணுக்குள் மெலனோமா.

மெலனோமா என்றால் தோலில் வருவது, மச்சம் பெரிதாவது, வெயில், இவ்வளவுதான் எனக்குத் தெரிந்திருந்தது. கண்ணுக்குள் எப்படி வரும்? வெளியே தெரியும் வெள்ளைச் சுவருக்கும் உள்ளே இருக்கும் விழித்திரைக்கும் நடுவில், ரத்தக்குழாய்கள் நிறைந்த ஒரு படலம் இருக்கிறது. கோராய்டு என்பார்கள். அதுவும், முன்னால் தெரிகிற நிற வளையமும், இரண்டையும் இணைக்கிற சிலியரி பகுதியும் சேர்ந்தது யூவியா. தோலுக்கு நிறம் கொடுக்கிற அதே மெலனின் செல்கள் அங்கேயும் இருக்கின்றன, அவற்றில் ஒன்று கெட்டுப்போனால் யூவியல் மெலனோமா. அமெரிக்கக் கணக்குப்படி வருடத்துக்கு 10 லட்சம் பேரில் சுமார் 5 பேருக்கு வருகிறது. மொத்த மெலனோமாவில் நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்துதான் இந்த வகை.

இந்த ஐந்து என்ற எண்ணை அன்று நான் ஒரு தகவலாகத்தான் எடுத்துக்கொண்டேன். அபூர்வ நோய் என்றால் மருத்துவருக்கு அனுபவம் குறைவாக இருக்கும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். அபூர்வம் என்பது சோதனைகளின் உலகத்தில் என்னவெல்லாம் செய்யும் என்று புரிய எனக்கு மூன்று வருடம் ஆனது.

முதல் முடிவு, கண்ணை எடுப்பதா வைத்துக்கொள்வதா என்பது. நாங்கள் அழுதுகொண்டே போனோம், மருத்துவர் சாதாரணமாக, "எடுக்கவேண்டிய தேவை இல்லை, கதிர்வீச்சுத் தகடு வைத்துவிடலாம், உயிர் விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான்" என்றார். ஒரு சின்னத் தங்கக் கிண்ணத்துக்குள் அயோடின்-125 விதைகளைப் பதித்து, கட்டி இருக்கும் இடத்துக்கு நேராகக் கண்ணின் வெளிச்சுவரில் தைத்துவிடுகிறார்கள். சில நாள் கழித்து எடுத்துவிடுவார்கள். அக்காவுக்கு அப்படித்தான் செய்தார்கள். பார்வை மங்கியது, ஆனால் கண் இருக்கிறது.

"இரண்டும் ஒன்றுதான்" என்று அவர் அவ்வளவு எளிதாகச் சொன்னாரே, அந்த வாக்கியத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பிறகு தேடிப் பார்த்தேன். அது சின்னக் கதை இல்லை. ரொம்ப காலம் இந்த நோய்க்கு ஒரே பதில் கண்ணை எடுப்பது. 1978இல் சிம்மர்மன் என்ற நோயியலாளரும் அவருடைய சகாக்களும் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார்கள்: கண்ணை எடுக்கும் அறுவைச் சிகிச்சையே புற்றுச் செல்களை ரத்தத்தில் தள்ளிவிட்டு நோயைப் பரப்புகிறதோ? கேள்வி பயங்கரமானது, பதில் யாரிடமும் இல்லை. அதைத் தீர்க்கத்தான் அமெரிக்காவிலும் கனடாவிலும் பல மருத்துவமனைகள் சேர்ந்து, அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனத்தின் ஆதரவில், கூட்டுக் கண் மெலனோமா ஆய்வு என்ற பெரிய சோதனையை நடத்தின. நடுத்தர அளவுக் கட்டி இருப்பவர்களை 1987 முதல் 1998 வரை சேர்த்தார்கள். மொத்தம் 1317 பேர். குலுக்கல் முறையில் 660 பேருக்குக் கண்ணை எடுப்பது, 657 பேருக்குத் தகடு.

இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். நாளைக்கு உங்கள் கண் இருக்குமா இருக்காதா என்பதை ஒரு குலுக்கல் தீர்மானிக்கும், நீங்கள் அதற்குக் கையெழுத்துப் போடவேண்டும். போட்டிருக்கிறார்கள், 1317 பேர். இவ்வளவு அபூர்வமான நோயில் இத்தனை பேரைச் சேர்க்கப் பதினோரு வருடத்துக்கும் மேல் ஆகியிருக்கிறது. 2001இல் முடிவு வந்தது: ஐந்து வருடத்தில் இறந்தவர்கள், கண்ணை எடுத்த பிரிவில் 19 சதவீதம், தகடு வைத்த பிரிவில் 18. அக்காவின் கண் இன்று அவள் முகத்தில் இருப்பதற்கு இந்த இரண்டு எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதுதான் காரணம். அந்த 660 பேரில் யாரும் எங்களுக்குச் சொந்தமில்லை, ஆனால் அவர்களை நினைக்காமல் என்னால் இப்போது எந்தச் சோதனையைப் பற்றியும் பேசமுடிவதில்லை.

சரி, அடுத்தது. தகடு வைக்கும்போதே கட்டியிலிருந்து ஊசியால் கொஞ்சம் திசு எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பலாமா என்று கேட்டார்கள். பேப்1 என்ற மரபணு பழுதாகியிருந்தால் பரவும் ஆபத்து அதிகம் என்று 2010இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். கட்டியின் மரபணு நடத்தையைப் பார்த்து முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று பிரிக்கிற சோதனையும் உண்டு. இரண்டாம் வகுப்பு என்றால் நல்லதில்லை. (பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புக்குப் போனால் சந்தோஷப்படுவோம், என்ன பெயர் வைக்கிறார்களோ.) அக்கா கேட்ட கேள்வி சரியான கேள்வி: "தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறோம்? பரவாமல் தடுக்க மருந்து இருக்கிறதா?" இல்லை. ஃபோடெமுஸ்டின் என்ற கீமோ மருந்தை ஆபத்து அதிகமானவர்களுக்கு முன்கூட்டியே கொடுத்துப் பார்த்த சோதனை பலன் தெரியாமல் நிறுத்தப்பட்டது. மற்ற முயற்சிகளும் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. அடிக்கடி ஸ்கேன் பார்க்கலாம், முன்கூட்டித் தெரியும், ஏதாவது சோதனையில் சேர வாய்ப்பு வந்தால் தயாராக இருக்கலாம், அவ்வளவுதான் அவர்களால் சொல்லமுடிந்தது. அக்கா தெரிந்துகொள்ள முடிவு செய்தாள். நானாக இருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். இரண்டாம் வகுப்பு என்று வந்தது.

அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரல் ஸ்கேன். கண்ணில் வந்த நோய்க்குக் கல்லீரலை ஏன் பார்க்கிறார்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். இந்த நோய் பரவினால் பத்தில் ஒன்பது பேருக்கு முதலில் போய் உட்காரும் இடம் அதுதான். பரவுவது ஏறக்குறைய பாதிப் பேருக்கு. மூன்றாவது வருடம் அக்காவின் கல்லீரலில் நான்கு புள்ளிகள்.

இங்கேதான் நான் மேலே சொன்ன பட்டியல் வருகிறது. செய்தி தெரிந்ததும் நண்பர்கள் ஆளாளுக்கு இணைப்புகள் அனுப்பினார்கள். மெலனோமாவுக்கு மருந்து வந்துவிட்டது, இம்யூனோதெரபி (உடம்பின் சொந்த நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் சிகிச்சை), புரட்சி, முன்பு மாதக் கணக்கில் உயிரோடு இருந்தவர்கள் இப்போது வருடக் கணக்கில் இருக்கிறார்கள். பொய் இல்லை. இபிலிமுமாப், நிவோலுமாப் என்ற இரண்டு இம்யூனோதெரபி மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த செக்மேட் 067 என்ற சோதனையில் 945 பேர். இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களில் பத்து வருடம் கழித்தும் நூற்றுக்கு 43 பேர் உயிரோடு இருந்தார்கள். பரவிய மெலனோமாவில் இப்படி ஓர் எண்ணை முந்தைய தலைமுறை மருத்துவர்கள் கனவிலும் பார்த்திருக்கமாட்டார்கள். நான் அந்தக் கட்டுரையை இரவெல்லாம் படித்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது, அக்காவை எழுப்பிச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். கடைசியில் தகுதி விவரம். கண்ணில் தொடங்கிய மெலனோமா உள்ளவர்கள் சேர்க்கப்படவில்லை.

ஒரே வரி. அதற்கு முன்னால் படித்த அத்தனை பக்கமும் வேறு யாருக்கோ எழுதியதாகிவிட்டது.

பிறகு தேடத் தேட அந்த வரி பல சோதனைகளில் இருந்தது. முதலில் எனக்கு வந்தது கோபம்தான். அப்புறம் மரபணு விஷயத்தைப் படித்தபோது கோபம் பாதியாகக் குறைந்தது. தோல் மெலனோமாவில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு பிராஃப் என்ற மரபணுவில் பிழை இருக்கும். 2011 முதல் வந்த மாத்திரைகள் அதைக் குறிவைப்பவை. கண் மெலனோமாவில் அந்தப் பிழை கிட்டத்தட்ட இருப்பதே இல்லை. இங்கே கெட்டுப்போவது ஜிஎன்ஏகியூ அல்லது ஜிஎன்ஏ11 என்ற மரபணு, 2009இலும் 2010இலும் கண்டுபிடித்தார்கள். தோலில் வெயில் பட்டுப் பட்டு ஏராளமான பிழைகள் சேர்ந்திருப்பதால் நோய் எதிர்ப்புச் செல்களுக்கு அது அந்நியமாகத் தெரியும். கண்ணுக்குள் வளர்ந்த கட்டியில் பிழைகள் ரொம்பக் குறைவு, அடையாளம் காண ஒன்றும் இல்லாத ஆள் மாதிரி அது கூட்டத்தில் கலந்துவிடுகிறது. பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு நோய்களை ஒரே சோதனையில் கலந்தால் முடிவு குழம்பிவிடும். அதனால் விலக்கினார்கள், நியாயம்தான். பிற்பாடு அதே இரட்டை மருந்தைக் கண் மெலனோமாக்காரர்களுக்கு மட்டும் தனியாகக் கொடுத்துப் பார்த்த இரண்டு சிறிய ஆய்வுகளில் கட்டி சுருங்கியது ஒன்றில் 18 சதவீதம் பேருக்கு, இன்னொன்றில் சுமார் 12. ஆக விலக்கியவர்கள் தப்பாகக் கணிக்கவில்லை.

மீதிப் பாதிக் கோபம் இன்னும் இருக்கிறது. உங்களை இந்தப் பந்தியில் உட்காரவைக்கமுடியாது என்றால், சரி, அடுத்த பந்தி எப்போது? அதைத்தான் ரொம்ப நாள் யாரும் கேட்கவில்லை. கேட்ட சிலரும் ஆள் கிடைக்காமல் திண்டாடினார்கள்.

செலுமெடினிப் என்ற மருந்தின் கதையைப் பாருங்கள். ஜிஎன்ஏகியூ கிளப்பிவிடும் சமிக்ஞையைப் பாதி வழியில் தடுக்கும் மருந்து. 2014இல் 101 பேரை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு வந்தது: நோய் மோசமாகாமல் இருந்த காலம் கீமோவில் 7 வாரம், இதில் 15.9 வாரம். இந்த நோய்க்கு அப்போது அதுவே பெரிய செய்தி. அடுத்து சுமிட் என்ற சோதனை, 129 பேர், கீமோவோடு இந்த மருந்தையும் சேர்த்தால் நன்மை உண்டா என்று பார்த்தார்கள். கீமோ மட்டும் 1.8 மாதம், மருந்தும் சேர்ந்தால் 2.8 மாதம், அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்கிற அளவில் நின்றுவிட்டது. மருந்து அந்தப் பாதையில் அத்தோடு முடிந்தது. தோற்றுப்போன சோதனைகளைப் பற்றி யாரும் இணைப்பு அனுப்புவதில்லை, ஆனால் அபூர்வ நோய்க்காரர்களின் வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது, 101 பேர், 129 பேர், 93 பேர் என்று.

அந்த 93 ஸ்வீடனில் நடந்தது. ஸ்கேண்டியம் என்ற சோதனை. கல்லீரலின் ரத்த ஓட்டத்தை அறுவைச் சிகிச்சையில் உடம்பிலிருந்து துண்டித்து, மெல்ஃபலன் என்ற கீமோவை அந்த உறுப்புக்குள் மட்டும் மிக அதிக அளவில் ஓடவிடுவார்கள். கட்டி சுருங்கியவர்கள் 40 சதவீதம். மற்ற சிகிச்சை பெற்ற பிரிவில் 4.5. பத்து மடங்குக்கு அருகில்! ஆனால் எவ்வளவு காலம் உயிரோடு இருந்தார்கள் என்று பார்த்தபோது இரு பிரிவுக்கும் நிச்சயமாகச் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடுத்த சோதனையைப் பாருங்கள். டெபென்டாஃபஸ்ப். இது இரண்டு கை உள்ள ஒரு மூலக்கூறு. ஒரு கையால் மெலனோமா செல்லின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் ஜிபி100 என்ற புரதத் துணுக்கைப் பிடித்துக்கொள்ளும், இன்னொரு கையால் வழியில் போகும் டி செல் என்ற நோய் எதிர்ப்புச் செல்லைப் பிடித்து இழுத்து வந்து முட்டவைக்கும். 378 பேர், மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு இந்த மருந்து, மீதிப் பேருக்கு மருத்துவர் தேர்ந்தெடுத்த வேறு சிகிச்சை. கட்டி சுருங்கியவர்கள் வெறும் 9 சதவீதம், எதிர்ப் பிரிவில் 5. ஸ்கேனை மட்டும் பார்த்தால் இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று தூக்கிப் போட்டிருப்போம். ஆனால் ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 73 சதவீதம், எதிர்ப் பிரிவில் 59. மூன்று வருடம் கழித்து 27, 18. பரவிய கண் மெலனோமாவில் ஆயுளைக் கூட்டுகிறது என்று குலுக்கல் முறைச் சோதனை ஒன்றில் நிரூபணமான முதல் மருந்து இதுதான். 2022 ஜனவரி 25இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

ஓரிடத்தில் கட்டி சுருங்குகிறது, ஆயுள் கூடியதாக நிரூபிக்கமுடியவில்லை. இன்னோரிடத்தில் கட்டி அப்படியே இருக்கிறது, சிலருக்கு வளரவும் செய்கிறது, ஆள் கூடுதல் காலம் இருக்கிறார். இதைப் படித்த பிறகு அக்காவின் ஸ்கேன் அறிக்கையில் மில்லிமீட்டர் எண்களை நான் பார்க்கிற விதமே மாறிவிட்டது. மருத்துவர்களுக்கும் மாறியிருக்கும் என்று நினைக்கிறேன். ரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டிஎன்ஏ குறைகிறதா என்று பார்ப்பது ஸ்கேனைவிட நல்ல குறியாக இருக்கலாம் என்று அந்த மருந்தின் ஆய்வுகளிலிருந்துதான் பேச ஆரம்பித்தார்கள். ஒரு சோதனையில் எதை அளக்கிறோம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யவேண்டும் இல்லையா, கட்டி சுருங்குவதை மட்டும் அளவுகோலாக வைத்திருந்தால் டெபென்டாஃபஸ்ப் இன்று இருந்திருக்காது.

சரி, அக்காவுக்கு அதைக் கொடுக்கவேண்டியதுதானே? அந்த மருந்தின் முதல் கை எதையும் பிடித்துவிடாது. ஜிபி100 துணுக்கைச் செல் தன் வாசலில் ஒரு தட்டில் வைத்துக் காட்டவேண்டும், அந்தத் தட்டு எச்எல்ஏ-ஏ*02:01 என்ற குறிப்பிட்ட வகையாக இருக்கவேண்டும். ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருக்கும் அந்த வகை, ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் குறைவாகத்தான் இருக்கிறது. ஒரு ரத்தச் சோதனை போதும். சில நாள் காத்திருந்தோம். இல்லை என்று வந்தது.

"பிறக்கும்போதே ஃபெயிலாடா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வகைகள் அப்பா அம்மாவிடமிருந்து வருபவை, உடன்பிறந்த இருவருக்கு முழுக்க ஒன்றாகவும் இருக்கலாம், முழுக்க வேறாகவும் இருக்கலாம். எனக்கு அந்தத் தட்டு இருக்கக்கூடும். இன்றுவரை நான் பார்த்துக்கொள்ளவில்லை. இருக்கிறது என்று வந்தால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

இந்த இடத்தில் ஒரு மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன், பெயர் வேண்டாம். கல்லீரலில் தெரிந்ததும் நாங்கள் முதலில் பார்த்த புற்றுநோய் மருத்துவர் எச்எல்ஏ பற்றிப் பேசவே இல்லை. "மெலனோமாதானே, அடுத்த வாரமே இம்யூனோதெரபி ஆரம்பித்துவிடலாம்" என்றார். நல்ல மனிதர், அக்கறையோடுதான் சொன்னார். அக்கா இரண்டு வாரம் அவகாசம் கேட்டாள், அவருக்கு அது பிடிக்கவில்லை, நோய் காத்திருக்காது என்றார். அந்த இரண்டு வாரத்தில்தான் நாங்கள் பட்டியல்களைப் படித்தோம். பரவிய நோய்க்கு ஏற்கனவே மருந்து எடுத்தவர்களைச் சேர்ப்பதில்லை என்ற விதி பல சோதனைகளில் இருக்கிறது. ஒரே ஒரு டோஸ் ஏறியிருந்தால்கூடச் சில கதவுகள் சாத்தியிருக்கும். எதை முதலில் எடுப்பது என்ற வரிசை இவ்வளவு முக்கியம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இதைப் படிப்பவர் யாராவது இதே நிலைமையில் இருந்தால், முதல் ஊசிக்கு முன்னால், இந்த ஊசியால் எந்தச் சோதனைக்குத் தகுதி போகும் என்று கேளுங்கள். கண் மெலனோமாவை வருடத்துக்கு ஒன்றிரண்டு பார்க்கிறவரிடம் மட்டும் கேட்காமல் அதையே வேலையாக வைத்திருக்கிறவரிடமும் கேளுங்கள். அவசரம் என்று சொல்லப்படுவது உண்மையிலேயே எத்தனை நாள் அவசரம் என்றும் கேட்டுவிடுங்கள், சில சமயம் அவசரமாகத்தான் இருக்கும்.

அந்தத் தட்டு இல்லாதவர்களுக்கு என்ன இருக்கிறது? முன்பு ஒன்றும் இல்லை என்றிருப்பேன். இப்போது இருக்கிறது. ஜிஎன்ஏகியூ பிழை கிளப்பும் சமிக்ஞையில் பிகேசி என்ற கண்ணியைத் தடுக்கும் டாரோவாசெர்டிப் என்ற மாத்திரை. அதோடு, நுரையீரல் புற்றுக்காக 2011இல் அனுமதி பெற்ற கிரிசோடினிப்பையும் சேர்த்துக் கொடுக்கும் சோதனை ஒன்று, ஏ*02:01 இல்லாதவர்களுக்காகவே அமைத்தது. அதன் தகுதி விவரத்தைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அந்த வகை உள்ளவர்களுக்கு அதில் இடமில்லை! வாழ்க்கையில் முதல்தடவையாக எங்கள் ஆள் பட்டியலுக்கு இந்தப் பக்கம் நின்றாள். டெபென்டாஃபஸ்ப் விட்டுப்போனவர்களை யாரோ எண்ணிப் பார்த்து, அவர்களுக்கென்று தனிப் பந்தி போட்டிருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிதாகப் பட்டது.

கல்லீரலை மட்டும் குறிவைக்கும் வழி இன்னொன்றும் உண்டு. ஸ்வீடனில் அறுவையால் செய்ததைக் குழாய்கள் வழியாகச் செய்வது. மெல்ஃபலனைக் கல்லீரலுக்குள் செலுத்தி, வெளியே வரும் ரத்தத்தை வடிகட்டி உடம்புக்குத் திருப்புகிறார்கள். அமெரிக்காவில் 2023 ஆகஸ்டில் அனுமதி பெற்றது. அதன் ஃபோகஸ் சோதனையில் 91 பேருக்குச் செய்து 36.3 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது. அந்தச் சோதனை முதலில் குலுக்கல் முறையில்தான் ஆரம்பித்தது. ஆட்கள் சேர்வது மந்தமாக இருந்தது, எதிர்ப் பிரிவில் விழ நோயாளிகளுக்கு மனமில்லை, அதனால் பாதியில் குலுக்கலைக் கைவிட்டு எல்லோருக்கும் அதே சிகிச்சை என்று மாற்றினார்கள். எனக்கு இதைப் படித்தபோது யாரையும் குறை சொல்லத் தோன்றவில்லை. கல்லீரல் முழுக்கப் புள்ளிகளோடு இருப்பவரிடம் போய், உங்களுக்கு இது கிடைக்கலாம் கிடைக்காமலும் போகலாம் என்றால் அவர் என்ன சொல்வார்? ஆனால் ஒப்பிட ஒரு பிரிவு இல்லாமல் போனதால் ஆயுள் கூடியதா என்று அந்தச் சோதனையை வைத்து உறுதியாகச் சொல்லமுடியாமலும் போனது. 1317 பேர் கண்ணைக் குலுக்கலுக்குக் கொடுத்ததையும் இதையும் மாற்றி மாற்றி யோசித்திருக்கிறேன். எனக்கு விடை கிடைக்கவில்லை, அக்காவுக்குக் கிடைத்தது.

அவள் எந்தச் சோதனையில் சேர்ந்தாள் என்று சொல்லப்போவதில்லை. நடந்துகொண்டிருக்கும் சோதனை, அரைகுறையாக நான் எதையாவது சொல்லி யாராவது அதை முடிவாக எடுத்துக்கொண்டால் தப்பு. சேர்வதற்கு முந்தைய தகுதிப் பரிசோதனைகளே ஒரு தனி வேலை. பழைய கண் திசுவின் ஸ்லைடுகளைத் தேடி அனுப்பவேண்டும், கல்லீரலிலிருந்து புதிதாக பயாப்ஸி, மூளைக்கு எம்ஆர்ஐ, இதயத்துக்கு எக்கோ, கல்லீரலின் நிலையைக் காட்டும் பிலிருபின் ரத்தத்தில் ஒரு புள்ளி கூடினாலும் வெளியே. அந்த வாரங்களில் நாங்கள் நோயைப் பற்றிப் பயந்ததைவிட எண்களைப் பற்றிப் பயந்ததுதான் அதிகம். ஒப்புதல் படிவத்தை அக்கா மூன்று நாள் படித்தாள். பக்கவிளைவுகளை எல்லோரும் படிப்பார்கள், அவள் கேட்டதெல்லாம் வேறு. முதல் ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தால் உடனே நிறுத்திவிடுவீர்களா, இல்லை தொடர வழி இருக்கிறதா? எதிர்ப் பிரிவில் விழுந்தால் அப்புறம் புது மருந்துக்கு மாறமுடியுமா? நடுவில் விலகினால் வழக்கமான சிகிச்சை இங்கேயே கிடைக்குமா? சோதனை முடிந்த பிறகும் மருந்து வேலை செய்துகொண்டிருந்தால் யார் கொடுப்பார்கள்? ஒருங்கிணைப்பாளர் பொறுமையாக ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார், மாறமுடியாது என்பதை மட்டும் கொஞ்சம் தயங்கிச் சொன்னார்.

குலுக்கல் கணினியில் நடக்கிறது. நான் ஏதோ பெரிதாக எதிர்பார்த்தேன், ஒரு பொத்தானை அழுத்துகிறார்கள், அவ்வளவுதான். எதிர்ப் பிரிவு. அக்காவுக்கு அந்த முதல் மருத்துவர் சொன்ன அதே இம்யூனோதெரபிதான்.

வரும் வழியெல்லாம் நான் விலகிவிடலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். சட்டப்படி எந்த நிமிடமும் விலகலாம், காரணம்கூடச் சொல்லவேண்டாம், வேறு சோதனை தேடலாம், இதற்காகவா இரண்டு மாதம் அலைந்தோம் என்று. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில், "டெபென்டாஃபஸ்ப்பில் அந்தப் பக்கம் எத்தனை பேர்டா இருந்தாங்க?" என்றாள். 126 என்றேன். "அவங்க எல்லாரும் எந்திரிச்சுப் போயிருந்தா 73ஐ எதோட வெச்சுப் பார்த்திருப்பாங்க?" நான் பதில் சொல்லவில்லை. அவளும் அதற்கு மேல் அதைப் பேசவில்லை.

இப்போது ஐந்தாவது டோஸ் முடிந்திருக்கிறது. தோலில் அரிப்பு, களைப்பு, தைராய்டு கொஞ்சம் ஆடுகிறது. புள்ளிகள் நான்கில் இரண்டு அப்படியே இருக்கின்றன, ஒன்று சற்றுப் பெரிதாகியிருக்கிறது, ஒன்றை அளப்பதே கஷ்டம் என்று எழுதியிருந்தார்கள்.

போன முறை போனபோது இன்னொரு படிவம் கொடுத்தார்கள். சோதனை முடிந்து முடிவுகள் வரும்போது பங்கேற்றவர்களுக்குச் சுருக்கமாக அனுப்புவார்களாம், வேண்டுமா வேண்டாமா என்று ஒரு கட்டம், வேண்டுமென்றால் எந்த முகவரிக்கு என்று கீழே ஒரு வரி. எத்தனை வருடம் ஆகும் என்று அக்கா கேட்டாள். மூன்று, நான்கு ஆகலாம் என்றார்கள். அவள் வேண்டும் என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு, ஒரு நொடிகூட யோசிக்காமல், கீழே என்னுடைய மின்னஞ்சல் முகவரியை எழுதினாள்.